கழுத்துத் தேய்மானம் என்று ஏழு மாதம் சிகிச்சை பெற்ற தலைசுற்றல்: பொது மருத்துவர்களுக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

பயிற்சிக்காகத் தொகுக்கப்பட்ட நிகழ்வு இது. குறிப்பிட்ட ஒரு நோயாளியுடையது அல்ல. தலைசுற்றலோடு வருபவர்களிடம் அன்றாடம் பார்க்கும் கூறுகளே இதில் ஒன்றாக வந்திருக்கின்றன.

வந்த நிலை

66 வயதுப் பெண். கையில் கழுத்து எக்ஸ்ரே, கழுத்தில் பட்டை, பையில் மூன்று வகைத் தலைசுற்றல் மாத்திரைகள். பத்து நாள் முன்பு இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடது மணிக்கட்டு வீங்கியது, எலும்பு முறியவில்லை. "முதல்ல சுத்துச்சு டாக்டர், இப்ப எந்நேரமும் தள்ளாடுது. நடக்கவே பயமா இருக்கு" என்கிறார். உடன் வந்த மகள் சேர்த்துச் சொன்னது: "அம்மா முன்ன மாதிரி இல்ல. கை நடுங்குது. முகத்துல சிரிப்பே காணோம்."

உயர் ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. எடுக்கிறார். நீரிழிவு இல்லை. தலையில் அடிபட்டதில்லை. காது மந்தமோ இரைச்சலோ ஒற்றைத் தலைவலியோ இருந்ததில்லை.

பழைய சீட்டுகளை வரிசைப்படுத்தினால் கதை இப்படிப் போகிறது. முதல் மாதம்: காலையில் படுக்கையிலிருந்து எழும்போது திடீர்ச் சுழற்சி, வாந்தி. கழுத்து எக்ஸ்ரேயில் ஐந்தாம், ஆறாம் கழுத்தெலும்புகளுக்கு இடையிலான (சி5–சி6) இடைவெளி குறுகி, எலும்பு நீட்சி தெரிந்தது. கழுத்துப்பட்டையும் சின்னரிசின் 25 மி.கி. மூன்று வேளையும் தரப்பட்டன. மூன்று வாரத்தில் சரியாயிற்று. இரண்டாம் மாதம் மாத்திரையை நிறுத்தினார், சுற்றல் திரும்பியது. அன்றிலிருந்து சின்னரிசின் நிரந்தரமாயிற்று. பீட்டாஹிஸ்டின் 16 மி.கி. மூன்று வேளை சேர்ந்தது. ஐந்தாம் மாதம் "தள்ளாட்டம் கூடியிருக்கிறது" என்பதற்காகப் புரோகுளோர்பெராசின் 5 மி.கி. இரு வேளை. ஏழாம் மாதம் விழுந்தார்.

இத்தனை சீட்டுகளில் ஒன்றில்கூட, படுக்கவைத்துக் கண்ணைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை.

கேட்க வேண்டியவை இரண்டு

"எப்படிச் சுற்றுகிறது?" என்ற கேள்வியில் அதிகம் கிடைக்காது. உலகம் சுழல்கிறதா, தலை லேசாகிறதா, நிலை தடுமாறுகிறதா என்று பிரித்துக் கேட்டு நோயை ஊகிப்பது பழைய பழக்கம். அதே கேள்வியைச் சில நிமிடம் கழித்துக் கேட்டால் விடையை மாற்றிச் சொல்பவர்கள் பலர். மாறாமல் நிற்கும் விவரங்கள் இரண்டு: ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது.

நேரத்தைக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "நாள் முழுக்கச் சுத்துது" என்பார்கள். சுழற்சி நின்ற பிறகு வரும் குமட்டலையும் பயத்தையும் சேர்த்தே அப்படிச் சொல்கிறார்கள். "கண்ணை மூடி அசையாமல் படுத்துவிட்டால் எத்தனை எண்ணுவதற்குள் நிற்கிறது?" என்று கேட்டால் உண்மையான நேரம் கிடைக்கும். இவர் சொன்னது: "முப்பது எண்றதுக்குள்ள நின்னுடும்."

எதனால் வருகிறது என்பதற்கு மூன்று அசைவுகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: படுக்கையில் புரளும்போது, படுக்கும்போது அல்லது எழும்போது, அண்ணாந்து மேலே இருப்பதை எடுக்கும்போது. இவருக்கு மூன்றிலும் வருகிறது. வலப்பக்கம் புரண்டால் தவறாமல் வருகிறது. புரளும்போது வருவதுதான் இங்கே கனமான சான்று. எழும்போது மட்டும் வந்தால் ரத்த அழுத்தம் இறங்குவதாலும் இருக்கலாம். படுத்தபடியே புரளும்போது ரத்த அழுத்தம் இறங்க வழியில்லை.

நொடிக்கணக்கில் நீடித்து, தலையின் நிலை மாறும்போது மட்டும் வந்து, இடைப்பட்ட நேரத்தில் சுழற்சி இல்லாமல் இருந்தால் அது பி.பி.பி.வி., அதாவது தீங்கற்ற நிலைமாற்றத் தலைசுற்றல், என்று எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகலாம். மெனியர் நோயில் ஒரு தாக்குதல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். காது கேட்பதும் ஏறி இறங்கும். ஒற்றைத் தலைவலி சார்ந்த சுற்றல் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை. உட்செவி நரம்பழற்சியும் சிறுமூளைப் பக்கவாதமும் நாள்கணக்கில் ஓயாமல் சுற்றும்.

ஆனால் இவருக்கு இரண்டு புகார்கள் இருக்கின்றன. நொடிக்கணக்கில் வரும் சுழற்சி ஒன்று. எந்நேரமும் இருக்கும் தள்ளாட்டம் மற்றொன்று. முதலாவது ஏழு மாதம் பழையது. இரண்டாவது நாலாம் மாதத்துக்குப் பிறகு வந்தது. சீட்டுகளில் இரண்டும் "தலைசுற்றல்" என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன.

பரிசோதனை

படுத்து ஐந்து நிமிடம் ஆனதும் ரத்த அழுத்தம் 142/84. எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் 136/82, மூன்றாம் நிமிடத்தில் 138/84. மேல் அளவு 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10-ம் அதற்கு மேலும் இறங்கினால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே அது இல்லை. நாடி சீராக இருந்தது, இ.சி.ஜி. இயல்பு. நேராகப் பார்க்கும்போதும் பக்கவாட்டில் பார்க்கும்போதும் நிஸ்டாக்மஸ், அதாவது விழிகள் தாமாகத் துடிப்பது, இல்லை. இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம் இல்லை. விரலால் மூக்கைத் தொடும் சோதனை இயல்பு. கிசுகிசுத்த சொல் இரு காதிலும் கேட்டது.

நடையைப் பார்க்கும்போதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. அடிகள் சிறிதாகிவிட்டன, கைகள் வீசவில்லை, திரும்ப ஐந்தாறு அடி வைக்கிறார். இரு முழங்கைகளிலும் விறைப்பு, இரு கைகளிலும் நடுக்கம், கண் இமைப்பது குறைவு. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 17 நொடி ஆயிற்று. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

பிறகு டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. தலையைச் சாய்த்துப் படுக்கவைத்து விழியசைவைப் பார்க்கும் இதை டிக்ஸும் ஹால்பைக்கும் 1952-இல் எழுதிவைத்தார்கள். ஒரு கட்டிலும் இரண்டு நிமிடமும் போதும்.

செய்யும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "செய்தேன், ஒன்றும் வரவில்லை" என்பதில் பாதி, முறை பிசகியதால் வருவது. நோயாளியைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் சுவர் இருந்து தலையைத் தொங்கவிட இடமில்லை என்றால், படுக்கும்போது தோளுக்கு அடியில் வருமாறு ஒரு தலையணையை முன்கூட்டியே வைத்துவிடலாம். தலையைச் சோதிக்கும் பக்கமாக 45° திருப்பி, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு நொடிக்குள் படுக்கவைத்து, தலை கிடைமட்டத்துக்குக் கீழே 20° சாய்ந்திருக்குமாறு தாங்க வேண்டும். "சுத்தும், பயப்படாதீங்க, கண்ணை மட்டும் மூடாதீங்க, என் மூக்கைப் பாருங்க" என்று முதலிலேயே சொல்லிவைப்பது கட்டாயம். சொல்லாவிட்டால் சரியான நொடியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், பார்க்க வேண்டியது போய்விடும்.

படுக்கவைத்ததும் ஒன்றும் வராது. பெரும்பாலும் 5 முதல் 20 நொடி தாமதம் இருக்கும். அவசரக்காரர்கள் இந்த இடைவெளியில் எழுப்பிவிடுகிறார்கள். குறைந்தது 30 நொடி கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையில் கைபேசி இருந்தால் கண்ணருகே வைத்துப் படம்பிடிக்கலாம். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது திசை தெளிவாகத் தெரியும், தேவைப்பட்டால் நிபுணருக்கும் அனுப்பலாம்.

இவருக்கு வலப்பக்கம் படுக்கவைத்து ஆறு நொடி கழித்து விழிகள் அசையத் தொடங்கின: நெற்றியை நோக்கி மேலே ஒரு துடிப்பு, கூடவே விழியின் மேல்முனை தரைப்பக்கம் இருந்த வலக் காதை நோக்கிச் சுழலும் துடிப்பு. வேகம் கூடி, தளர்ந்து, இருபது நொடியில் நின்றது. உட்காரவைத்தபோது எதிர்த்திசையில் சிறிது வந்து போயிற்று. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. முடிவு: வலது உட்செவியின் பின்புற அரைவட்டக் குழலில் வந்த பி.பி.பி.வி. இந்த நோயில் பத்துக்கு எட்டு ஒன்பது பின்புறக் குழலில்தான் வருகிறது.

உட்செவியின் யுட்ரிக்கிள் பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் பிரிந்து, அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுவதே காரணம். தலை சாயும்போது துகள்கள் குழலின் தாழ்ந்த பகுதிக்கு நகரும். நகரும்போது திரவத்தையும் இழுக்கும். நகரத் தொடங்க எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். அடியில் போய்த் தங்கியதும் சுழற்சி நிற்கிறது. தாமதமும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்வதும் இந்த நோயில் ஏன் வருகின்றன என்பது இதிலேயே அடங்கிவிடுகிறது.

கழுத்து நிலையற்றிருப்பவர்கள், முடக்குவாதத்தால் மேல்கழுத்து மூட்டு தளர்ந்தவர்கள், அண்மையில் கழுத்து அறுவைசிகிச்சை செய்தவர்கள், கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் ஆகியோருக்குத் தலையைத் தொங்கவிடும் இந்தச் சோதனை கூடாது. முதுகு கூனியவர்களுக்கும் கழுத்து இறுகியவர்களுக்கும் பக்கவாட்டில் படுக்கவைக்கும் முறை உதவும்: கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தலையைச் சோதிக்கும் பக்கத்துக்கு எதிராக 45° திருப்பி, சோதிக்கும் பக்கமாகச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைப்பது. எக்ஸ்ரேயில் சாதாரணத் தேய்மானம் தெரிவது இவற்றில் எதற்கும் தடை அல்ல.

பிழை எப்படித் தன்னையே நிரூபித்துக்கொண்டது

இந்த வயதில் கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். தலைசுற்றல் இல்லாதவர்களிடமும் அதே படம்தான். எனவே அந்தப் படம் எதற்கும் விடை அல்ல. ஆனாலும் இந்த நோய்முடிவு ஏழு மாதம் நின்றது. காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் அதை மெய்ப்பிப்பது போல ஏதோ ஒன்று நடந்தது.

பட்டை போட்டதும் சுற்றல் குறைந்தது. பட்டை தலையை அசையவிடாது. தலை அசையாவிட்டால் துகளும் அசையாது. கழுத்துதான் காரணம் என்பது உறுதியானதாகத் தோன்றியது. மூன்று வாரத்தில் முற்றிலும் நின்றது. பி.பி.பி.வி. சிகிச்சையே இல்லாமலும் பலருக்குச் சில வாரங்களில் தானே அடங்கும். பெயர் மாத்திரைக்குப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது. இந்த நோய் திரும்பிவரும் இயல்புடையது, ஓராண்டில் ஏறக்குறைய 15% பேருக்கு. ஆனால் அது "மாத்திரையை நிறுத்தியதால்" என்று எழுதப்பட்டது. நிரந்தர மாத்திரைக்கு வழி அங்கேதான் திறந்தது.

அடுத்தது இன்னும் மோசம். சின்னரிசின் கால்சியம் வழித்தடத்தை மட்டும் தடுப்பதில்லை. உடலசைவுக்குத் தேவையான டோப்பமினின் டி2 ஏற்பிகளையும் மூளையில் தடுக்கிறது. முதியவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலையை உண்டாக்கும். அந்தத் தள்ளாட்டத்தை நோயாளி "தலைசுற்றல் கூடியிருக்கிறது" என்றுதான் சொல்வார், வேறு எப்படிச் சொல்வார்? அதற்கு விடையாகச் சேர்க்கப்பட்ட புரோகுளோர்பெராசின் இன்னும் வலுவான டோப்பமின் தடுப்பான். மருந்தின் பக்கவிளைவுக்கு மருந்து, அதுவும் அதே வகை மருந்து.

சின்னரிசினின் உறவான ஃப்ளூனரிசினும் இப்படித்தான். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 18 நாள். உடலில் தேங்கிக்கொண்டே போகும். ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு என்று தொடங்கி, யாரும் நிறுத்தாமல் ஓராண்டு ஓடும் சீட்டுகள் அரிதல்ல.

பி.பி.பி.வி.யில் இந்த மருந்துகளுக்கு வேலை இல்லை என்பதற்கு எளிய காரணம் உண்டு: குழலுக்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையும் வெளியே எடுக்காது. 2017-இல் வந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டியும் இவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. கடும் வாந்தி இருந்தால் ஓரிரு நாள், அல்லது சிகிச்சை அசைவுகளுக்கு முன் ஒரே ஒரு வேளை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் தூக்கம், விழுதல் ஆகியவற்றோடு, சமநிலையை மூளை தானே சரிசெய்துகொள்வதும் தாமதமாகும்.

எப்லி முறை: வலது காதுக்கு

ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட இந்த முறை, பின்புறக் குழலுக்குள் கிடக்கும் துகளை வந்த வழியே யுட்ரிக்கிளுக்குத் திருப்பி அனுப்புகிறது. டிக்ஸ்-ஹால்பைக் நிலையிலிருந்தே தொடங்கலாம். மீண்டும் உட்காரவைக்கத் தேவையில்லை.

1. தலை வலப்பக்கம் 45° திரும்பி, 20° தொங்கிய நிலை. நிஸ்டாக்மஸ் நின்ற பிறகும் 30 நொடி அப்படியே.
2. தலையைத் தூக்காமல், தொங்கிய நிலையிலேயே இடப்பக்கமாக 90° திருப்ப வேண்டும். 30 முதல் 60 நொடி.
3. உடலை இடப்பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, அதோடு தலையை மேலும் 90° திருப்ப வேண்டும். இப்போது மூக்கு சாய்வாகத் தரையைப் பார்க்கும். மறுபடி 30 முதல் 60 நொடி.
4. முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தியபடி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, இடப்பக்கத்திலிருந்து உட்காரவைக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் நிலைகளில் முதல் நிலையில் வந்த அதே திசையில் நிஸ்டாக்மஸ் மீண்டும் வந்தால் நல்லது: துகள் சரியான திசையில் போகிறது. எதிர்த்திசையில் வந்தால் துகள் பின்னோக்கி விழுந்திருக்கிறது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிசகும் இடங்களில் முதலாவது, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை மேலே ஏறிவிடுவது. நோயாளி பயத்தில் தானே தலையைத் தூக்குவார். உதவியாளர் ஒருவர் தோளைப் பிடித்திருந்தால் மருத்துவரின் இரு கைகளும் தலைக்கே கிடைக்கும். மூன்றாம் நிலையில் மூக்கு தரையைப் பார்க்காமல் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது அடுத்தது. உடல் முழுதாக ஒருக்களிக்காததே அதற்குக் காரணம்.

உட்காரவைத்ததும் கையை எடுத்துவிடக் கூடாது. துகள் யுட்ரிக்கிளில் விழும் நொடியில் சிலருக்குத் தரை சட்டென்று நழுவியது போலாகி, முன்னோ பின்னோ சாய்ந்துவிடுவார்கள். ஒரு நிமிடமாவது இரு தோளையும் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்க வேண்டும். வாந்திக்குப் பாத்திரம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இவருக்கு முதல் சுற்றுக்குப் பிறகு டிக்ஸ்-ஹால்பைக்கில் நிஸ்டாக்மஸ் பலவீனமாக வந்தது; இரண்டாம் சுற்றுக்குப் பிறகு வரவில்லை. ஒரே வருகையில் மூன்று சுற்று வரை செய்யலாம். 2014-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வில், சுற்றல் முழுதும் நின்றவர்கள் போலிச் சிகிச்சை அல்லது ஒப்பீட்டுப் பிரிவில் 21%, எப்லி செய்தவர்களில் 56%. ஒரு தடவையில் நிற்காதவர்களில் பலருக்கு அடுத்த தடவைகளில் நிற்கிறது.

செய்து முடித்த பிறகு நிமிர்ந்தே தூங்க வேண்டும், அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, பட்டை போட வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடுகள் தேவையில்லை. கழுத்துப்பட்டையை அன்றே கழற்றியாயிற்று. இரண்டு வாரம் வரை லேசான மிதப்பு இருக்கலாம், அது துகள் மீதமிருப்பதாகாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மருந்துக்கடைக்குப் போய் மறுபடி சின்னரிசின் வாங்கிவிடுவார்கள்.

மருந்துகளில் சின்னரிசினும் பீட்டாஹிஸ்டினும் அன்றே நிறுத்தம். புரோகுளோர்பெராசின் ஒரு வாரம் இரவு மட்டும், பிறகு நிறுத்தம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோப்பா தொடங்கவில்லை; மருந்தால் வந்த பார்க்கின்சன் நிலைக்கு முதல் சிகிச்சை மருந்தை நிறுத்துவதுதான்.

ஒரு வாரம் கழித்து

"இப்ப ரெண்டு பக்கம் புரண்டாலும் சுத்துது, முன்னைவிட வேகமா." எப்லி தோற்றுவிட்டது என்று முடிவு செய்ய இங்கே எளிதாக இருந்திருக்கும்.

வலப்பக்க டிக்ஸ்-ஹால்பைக்கில் பழைய சுழல் துடிப்பு இல்லை. அதற்குப் பதில் விழி கிடையாக, தரையை நோக்கித் துடித்தது. அப்படித் தெரிந்தால் அடுத்த சோதனை உருட்டுச் சோதனை. மல்லாந்து படுக்கவைத்து, தலையை 30° உயர்த்தி, ஒரு பக்கமாக 90° சட்டென்று திருப்பிக் கண்ணைப் பார்ப்பது. ஓய்ந்ததும் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபக்கம். வலக் காது கீழிருந்தபோது தரையை நோக்கி வேகமான துடிப்பு, தாமதம் ஏறக்குறைய இல்லை, நாற்பது நொடி. இடக் காது கீழிருந்தபோதும் தரையை நோக்கியே, ஆனால் பலவீனமாக.

துகள் பின்புறக் குழலிலிருந்து வெளியேறி, கிடைமட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டது. எப்லிக்குப் பிறகு சிறு விழுக்காட்டினரிடம் இது நடக்கும். இரு பக்கமும் துடிப்பு தரையை நோக்கி இருந்தால் வேகமாக வரும் பக்கமே நோயுள்ள காது; இரு பக்கமும் தரைக்கு எதிராக, மேல்நோக்கி இருந்தால் பலவீனமாக வரும் பக்கம் நோயுள்ள காது. இதை மாற்றி நினைவு வைத்துக்கொண்டு தவறான பக்கத்துக்குச் சிகிச்சை செய்வது நடக்கிறது. விதியைப் பரிசோதனை அறைச் சுவரில் ஒட்டிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எப்லி இந்தக் குழலுக்குப் பயன்படாது. கூஃபோனி முறை செய்யப்பட்டது. கட்டில் விளிம்பில் நேராகப் பார்த்து உட்காரவைத்து, நோயற்ற இடப்பக்கமாகச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைத்து, துடிப்பு ஓய்ந்த பின் ஒரு நிமிடம், பிறகு மூக்கு கட்டிலை நோக்குமாறு தலையை 45° கீழே திருப்பி இரண்டு நிமிடம், அப்படியே உட்காரவைத்தல். இரண்டு தடவை செய்த பிறகு உருட்டுச் சோதனை இரு பக்கமும் வெறுமை. கூனோ மூட்டுவலியோ உள்ளவர்களுக்கு, முழு வட்டமாக உருளவைக்கும் முறையைவிட இது சுலபம்.

எப்போது நிபுணரிடம், எப்போது உடனே மருத்துவமனைக்கு

நிலைமாற்றத்தால் வரும் எல்லாச் சுற்றலும் காதுத் துகளால் வருவதல்ல. டிக்ஸ்-ஹால்பைக்கில் சுழல் அசைவு இல்லாமல், கன்னத்தை நோக்கிக் கீழே மட்டும் துடிக்கும் நிஸ்டாக்மஸ், அதுவும் தாமதமின்றித் தொடங்கி ஒரு நிமிடத்துக்குப் பிறகும் ஓயாமல் நின்றால், சிறுமூளையையோ மூளைத்தண்டையோ சந்தேகிக்க வேண்டும். சரியாகச் செய்த இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் சிறிதும் மாறாத நோயாளியும் நிபுணரிடம் போக வேண்டியவர்.

ஓயாமல் சுற்றிக்கொண்டே வருபவர் வேறு வகை. அவரிடம் டிக்ஸ்-ஹால்பைக் செய்வதில் பொருளில்லை. எப்படி அசைத்தாலும் கூடத்தான் செய்யும். 2009-இல் வெளிவந்த ஹின்ட்ஸ் சோதனை அவருக்குத்தான்: தலையைச் சட்டென்று திருப்பும்போது விழி குறியில் நிற்கிறதா, பார்வைத் திசை மாறும்போது நிஸ்டாக்மஸும் திசை மாறுகிறதா, ஒரு கண்ணை மறைத்துத் திறக்கும்போது விழி மேலோ கீழோ நகர்கிறதா. இதில் பொறி ஒன்று உண்டு. பி.பி.பி.வி. நோயாளியிடம் ஹின்ட்ஸ் செய்தால், தலைத்திருப்பச் சோதனை இயல்பாக வரும். ஓயாத சுற்றலில் இயல்பு என்றால் பக்கவாதத்தின் குறி. பொருந்தாத இடத்தில் செய்து, வீணாகப் பயந்து, ஸ்கேனுக்கு அனுப்புவது இப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது நிஸ்டாக்மஸ் இல்லாதவருக்கு ஹின்ட்ஸ் வேண்டாம்.

ஓயாத சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகமோ கையோ மரத்துப்போதல், புதிய கடும் தலைவலி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நேரம் கடத்தாமல் அனுப்ப வேண்டும். தலை சி.டி. இயல்பு என்பதில் ஆறுதல் கொள்ள வேண்டாம். சிறுமூளைப் பக்கவாதத்தைத் தொடக்கத்தில் சி.டி. பெரும்பாலும் காட்டாது. முதல் 48 மணி நேரத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் சிலவற்றைத் தவறவிடும்.

தொடர்கவனிப்பு

நான்காம் வாரம்: சுழற்சி இல்லை. நடுக்கம் குறைந்திருந்தது, விறைப்பு அப்படியே. எலும்பு அடர்த்திச் சோதனை இடுப்பில் எலும்புப்புரையைக் காட்டியது, அதற்குத் தனிச் சிகிச்சை தொடங்கியது. வைட்டமின் டி 14 நானோகிராம்/மி.லி. இது எலும்புக்கு மட்டும் அல்ல: 2020-இல் வெளிவந்த கொரிய ஆய்வில், அளவு 20-க்குக் குறைவாக இருந்த பி.பி.பி.வி. நோயாளிகளுக்கு வைட்டமின் டி 400 அலகு, கால்சியம் கார்பனேட் 500 மி.கி. இரண்டையும் நாளுக்கு இரு வேளை ஓராண்டு கொடுத்தபோது மறுவருகை சுமார் 24% குறைந்தது.

மூன்றாம் மாதம்: கைவீச்சு திரும்பியிருந்தது, எழுந்து நடந்து உட்கார 11 நொடி. "அம்மா பழையபடி பேசுறாங்க" என்றார் மகள். மருந்தை நிறுத்திய ஆறு மாதத்துக்குப் பிறகும் விறைப்பு எஞ்சினாலோ, ஒரு பக்கம் மட்டும் கூடினாலோ, மணம் தெரியாமல் போயிருந்தாலோ, அடியில் உண்மையான பார்க்கின்சன் நோய் இருந்து மருந்து அதை வெளிக்காட்டியிருக்கலாம். அவரை நரம்பியல் நிபுணர் பார்க்க வேண்டும்.

மருந்துப் பட்டியலில் இவருக்கு ஒவ்வாமைக்கான இடத்தில் சிவப்பில் எழுதப்பட்டது: சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெராசின், மெட்டோகுளோபிரமைடு தவிர்க்கவும். கடைசியது தலைசுற்றலுக்கு அல்ல, வாந்திக்குத் தரப்படுவது; அதுவும் டோப்பமின் தடுப்பானே.

வீட்டில் தானே எப்லி செய்யும் முறையை மகளுக்கும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தாயிற்று. ஆனால் திரும்ப வந்தால் முதலில் வந்து காட்டச் சொல்லப்பட்டது: அடுத்த தடவை அது இடக் காதாக இருக்கலாம், வேறு குழலாகவும் இருக்கலாம். அப்படியானால் வலப்பக்கத்துக்கு எத்தனை தடவை செய்தாலும் பலன் இருக்காது.